தாடைக்குச் சொந்த ஊர் எது?

அத்தியாயம் ஒன்பது

"இவருக்கு என்ன வயசு இருக்கும் மேடம்?" என்று கேட்டான் கான்ஸ்டபிள் ஒச்சோலா.

மேஜை மேல் பஞ்சுப் படுக்கையில் கிடந்தது அந்தத் தாடை. முழுசு இல்லை, பாதி. ஐந்து பற்கள். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெளுப்பு.

"அது தெரிஞ்சா நாம எதுக்கு இங்க வந்திருக்கோம்?" என்றாள் இன்ஸ்பெக்டர் அகிரு.

"எங்க பெரியப்பா சாயல் அப்படியே இருக்கு. அவருக்கும் அஞ்சு பல்லுதான். வயசைக் கேட்டா அடிக்க வருவார்."

டென்ட்டுக்கு வெளியே துர்க்கானா ஏரிக்கரைக் காற்று கை கையாக மணலை அள்ளித் துணிச் சுவரில் எறிந்துகொண்டிருந்தது. காலை பத்து மணிக்கே உள்ளே இட்லிப்பானை மாதிரிக் கொதித்தது. அகிரு தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவள்தான். இன்றைக்கு அவளை வேக வைத்தது வெயில் இல்லை.

ஆறு நாளாக இந்த வழக்கு அவள் தலையில் இருந்தது. போன மாதம் லோபுரின் ஓடைச் சரிவில் கிடைத்தது தாடை. ஆதி மனிதனுடையது. பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள். அப்புறம், பெட்டியில் இருப்பது அந்த ஓடைத் தாடையே இல்லை, யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று அகழ்வுக் குழுவின் தலைவி டாக்டர் செப்கெமோய் புகார் கொடுத்தார். பெட்டிச் சாவி முகாம் காவலாளி லோகாலேயின் இடுப்பில் இருந்தது. ஆகவே லோகாலே லோட்வார் ஸ்டேஷன் லாக்கப்பில் இருந்தான்.

கையெழுத்துப் போட்டு அவனை உள்ளே தள்ளியவள் அகிரு. நாளைக்குக் கோர்ட். குற்றப்பத்திரிகை போட்டால் பத்து வருஷம் வரை போகும். அவன் மனைவி தினமும் பிளாஸ்க்கில் பால் டீயோடு ஸ்டேஷன் வாசலில் வந்து உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. அகிரு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் நிமிர்ந்து பார்ப்பாள், அவ்வளவுதான்.

"முதல்ல இருந்து சொல்லுங்க டாக்டர்," என்றாள் அகிரு. "மாத்திட்டாங்கன்னு எப்படித் தெரிஞ்சது?"

டாக்டர் செப்கெமோய்க்கு ஐம்பது வயது இருக்கும். இருபது வருஷம் இந்த வெயிலில் குனிந்தே நடந்ததில் முதுகு லேசாக வளைந்திருந்தது.

"இவ்வளவு பழசானா எலும்பு எலும்பா இருக்காது இன்ஸ்பெக்டர். கல்லாயிடும். அதை நேரா வச்சு வயசு சொல்றது கஷ்டம். அதனால நாங்க எலும்புக்கு வயசு பாக்கறதில்லை. அது படுத்திருந்த பாய்க்கும் போத்தியிருந்த போர்வைக்கும் பாக்கறோம்."

"பாயா?"

"எரிமலைச் சாம்பல். இந்தப் பக்கம் எத்தனையோ தடவை எரிமலை வெடிச்சிருக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரு சாம்பல் படுகை விழுந்திருக்கு. அந்தச் சாம்பல்ல பொடிப்பொடியா படிகம் இருக்கும். வெடிச்ச நிமிஷத்துல இருந்து அதுக்குள்ள ஒரு கடிகாரம் ஓட ஆரம்பிக்குது. பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சமா வாயுவா மாறிக்கிட்டே இருக்கும். எவ்வளவு வாயு சேர்ந்திருக்குன்னு அளந்தா, சாம்பல் என்னைக்கு விழுந்ததுன்னு தெரிஞ்சிடும். லோபுரின் ஓடையில கீழ்ச் சாம்பல் பதினாறு லட்சம் வருஷம். மேல் சாம்பல் பதினாலு லட்சம். நடுவுல இந்தத் தாடை."

அகிரு தலையசைத்தாள். "உயிரோட கடைசியா பாத்த சாட்சி ஒண்ணு. பொணத்தை முதல்ல பாத்த சாட்சி ஒண்ணு. நடுவுல மரண நேரம்."

"அதேதான்."

"ரெண்டு லட்சம் வருஷம் முன்ன பின்ன," என்றான் ஒச்சோலா. "நம்ம ஆஸ்பத்திரி டாக்டரே தேவலாம் மேடம். அவர் ரெண்டு நாள் முன்ன பின்ன சொல்லிடறார்."

டாக்டர் சிரிக்கவில்லை. "ஒவ்வொரு வெடிப்போட சாம்பலுக்கும் தனிக் கைரேகை உண்டு. எதுல இரும்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவுங்கற கணக்கு. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. இந்தத் தாடையோட பல் வேருக்குள்ள ஒரு துணுக்குச் சாம்பல் ஒட்டியிருந்தது. அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். போன வாரம் பதில் வந்தது. அந்தத் துணுக்கு லோபுரின் ஓடைச் சாம்பலே இல்லை."

"வேற எங்க சாம்பல்?"

"எங்க பட்டியல்ல நூத்துச் சொச்சம் சாம்பல் இருக்கு. எதோடயும் ஒட்டலை. நேரா வயசு பாக்கலாம்னா அந்தத் துணுக்குல படிகமும் இல்லை."

"ரெக்கார்டே இல்லாத கைரேகை," என்று முனகினாள் அகிரு. அவள் வேலையில் அதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. "சரி, வயசு தப்பாப் போனா என்ன நஷ்டம்? தாடை தாடைதானே?"

டாக்டர் அதைக் கையில் எடுத்தார். தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் எடுத்தார்.

"இந்த மாதிரிப் பல் வரிசை உள்ளவங்க இருபத்தஞ்சு லட்சம் வருஷத்துக்கு முன்னாடியே அழிஞ்சு போயிட்டாங்கன்னுதான் எல்லாரும் நினைச்சிட்டிருக்கோம். இது முப்பது லட்சம் வருஷம்னா, இருக்கறதோட இன்னொண்ணு. பதினஞ்சு லட்சம்னா, அவங்க அழியவே இல்லை. நம்ம முன்னோருக்குப் பக்கத்து வீட்டுல, அதே ஏரிக்கரையில, இன்னும் பத்து லட்சம் வருஷம் இருந்திருக்காங்க. ஒரே தாடைதான் இன்ஸ்பெக்டர். வயசு மாறினா கதையே மாறிடும்."

அகிரு கையை நீட்டினாள். "முதல்ல எடுத்த போட்டோ இருக்கா? கிடைச்ச இடத்துலயே வச்சு எடுத்தது?"

இருந்தது. சரிவு, சிவந்த மண், சின்னக் கற்கள், நடுவில் கறுப்பாகத் தாடை. பக்கத்தில் ஒரு அடிக்கோல். அகிரு பூதக்கண்ணாடியை வாங்கிப் படத்தில் பதித்தாள். பிறகு தாடையின் மேல் பதித்தாள். மறுபடி படம். மறுபடி தாடை.

"மூணாவது பல்லு ஓரத்துல ஒரு உடைசல். மீன் கடிச்சு எடுத்த மாதிரி. படத்துலயும் அதே உடைசல். அதுக்குக் கீழ முடி மாதிரி ஒரு விரிசல், முனையில ரெண்டாப் பிரியுது. படத்துலயும் பிரியுது."

டாக்டர் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யாரும் எதையும் மாத்தலை டாக்டர். சரிவுல கிடந்தது எதுவோ அதுதான் பெட்டியில இருக்கு."

"அப்ப லோகாலே..."

"திருடலை. திருட்டே நடக்கலை."

டாக்டர் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். ஒச்சோலா தண்ணீர்க் கேனைத் திறந்து ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தான்.

லோகாலேயை உடனே விட்டுவிடலாம் என்று எழுந்த நிம்மதி அகிருவுக்கு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. போட்டோவை மாஜிஸ்திரேட் முன்னால் வைத்தால், "சரி, வேறே சாம்பல் எப்படி வந்தது?" என்பார். பதில் இல்லாவிட்டால் சாவி வைத்திருந்தவன் மேல்தான் மறுபடி விரல் நீளும். அவள் படத்தையே பார்த்தாள்.

"வெயில்ல கிடக்கிற எலும்புக்கு எந்தப் பக்கம் வெளுக்கும்?"

"வானத்தைப் பாத்த பக்கம். மண்ணைப் பாத்த பக்கம் கறை பிடிச்சு..." டாக்டரின் குரல் பாதியில் நின்றது.

படத்தில் வானத்தைப் பார்த்துக் கிடந்தது கறுப்புப் பக்கம்.

"நீங்க பாக்கலையா?"

"பாத்தேன். சந்தோஷத்துல கண்ணு மறைச்சிடுச்சு." டாக்டர் கண்களை மூடிக்கொண்டார். "யாரோ கொண்டு வந்து வச்சிருக்காங்க. தலைகீழா."

"கண்டெடுத்தது யாரு?"

"இன்சுவே."

அந்தப் பெயர் அகிருவுக்குத் தெரியும். முகாமில் எல்லோருக்கும் தெரியும். தெற்கே கம்பா நாட்டிலிருந்து வந்த மனுஷர். முப்பத்தெட்டு வருஷமாக எலும்பு தேடுகிறவர். ஓடுகிற ஜீப்பிலிருந்து கல்லுக்கும் பல்லுக்கும் வித்தியாசம் சொல்வார் என்பார்கள்.

"அவர் வச்சிருந்தா தலைகீழா வைக்க மாட்டார்," என்றார் டாக்டர். "எங்க எல்லாருக்கும் எந்தப் பக்கம் வெளுக்கும்னு சொல்லிக் குடுத்ததே அவர்தான்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அகிரு காற்றுக்காக வெளியே வந்தாள். டென்ட் வாசலில் ஒச்சோலாவின் பூட்ஸ் காய்ந்துகொண்டிருந்தது. வரும் வழியில் ஜீப் சேற்றில் சிக்கியதில் காலையில்தான் அதை ஏரியில் கழுவியிருந்தான். இப்போது கணுக்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைக் கோடு.

"பாத்தீங்களா மேடம்? எங்க ஏரியில கழுவினா பளபளன்னு இருக்கும்," என்றான் ஒச்சோலா. அவன் கிசுமு பக்கத்து லுவோ இனத்தான். அவனுக்கு ஏரி என்றால் விக்டோரியா ஒன்றுதான். "உங்க ஏரியில குளிச்சா மனுஷன் பேய் மாதிரி வெளிய வர்றான். எத்தனை தடவை துடைக்கிறது?"

அகிரு குனிந்து அந்த வெள்ளையை நகத்தால் சுரண்டினாள். பொடியாக உதிர்ந்தது. சட்டென்று திரும்பி உள்ளே போனாள். தாடையை எடுத்தாள். வெளுத்த பக்கத்தை நகத்தால் சுரண்டினாள். அதே மாதிரி உதிர்ந்தது. விரலை நாக்கில் வைத்தாள்.

"சாட்சியை நக்கக் கூடாதுன்னு ட்ரெயினிங்ல சொன்னாங்க மேடம்," என்றான் பின்னாலேயே வந்த ஒச்சோலா.

கசப்பு. சோடாக் கசப்பு. சின்ன வயதில் கிணறு வற்றும்போதெல்லாம் அவள் குடித்து வளர்ந்த கசப்பு.

"இது வெயில்ல வெளுத்தது இல்லை டாக்டர். ஏரித் தண்ணி காய்ஞ்ச உப்பு. லோபுரின் ஓடைக்கும் ஏரிக்கும் எவ்வளவு தூரம்?"

"பதினெட்டு கிலோமீட்டர்." டாக்டர் எழுந்துவிட்டார். "பழைய ஏரியோட உப்பா இருந்தா கல்லுக்குள்ள ஊறிப் போயிருக்கும். இப்படி உதிராது. இது போன வருஷத்து உப்பு."

"ஆக, நம்ம ஆளு சமீபத்துல ஏரியில குளிச்சிருக்கார்," என்றான் ஒச்சோலா.

*

இன்சுவே முகாமின் கடைக்கோடியில் வேல மரத்தடியில் சல்லடையோடு உட்கார்ந்திருந்தார். சலித்த மண்ணை விரல் நுனியால் தடவித் தடவி மீன் முள்ளைத் தனியாக, கல்லைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, ரேடியோ கேட்கிறவர் மாதிரி.

"வாங்க இன்ஸ்பெக்டரம்மா," என்றார், அவள் பேசுவதற்கு முன்பே. "காலடிச் சத்தம் சொல்லுதே. பின்னால வர்றவருக்கு பூட்ஸ் இல்லை."

"பூட்ஸ் சாட்சி சொல்லப் போயிருக்குண்ணே," என்றான் ஒச்சோலா.

அகிரு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் கொடுத்தாள்.

"தாடை கிடைச்சப்ப எடுத்த படம்தானே இது?"

இன்சுவே வாங்கி, கை நீட்டத்தில் பிடித்து, முகத்தருகே கொண்டு வந்து, மறுபடி நீட்டினார். "ஆமா. இதேதான். மறக்குமா?"

"நல்லாப் பாருங்க."

"அடிக்கோல் பக்கத்துல இருக்கு பாருங்க. அதேதான்."

அவர் கையில் இருந்தது லோகாலேயின் மனைவி ஸ்டேஷனில் கொடுத்துவிட்டுப் போன குடும்பப் படம். லோகாலே, அவள், இரண்டு பிள்ளைகள், ஒரு ஆடு.

அகிரு எதுவும் சொல்லவில்லை. இன்சுவேயின் விரல் படத்தின் ஓரத்தை ஒரு சுற்றுத் தடவி நின்றது.

"வேற படமா?" என்றார் மெல்ல.

"எவ்வளவு நாளா பெரியவரே?"

"ரெண்டு வருஷம். ஓரத்துல இருந்து உள்பக்கமா இருட்டிக்கிட்டே வருது. நைரோபியில காட்டினேன். கண்ணுக்குப் பின்னால நரம்பு போயிடுச்சாம். பொரை மாதிரி இருந்தா அறுத்து எடுக்கலாம், இது அறுக்கிற விஷயம் இல்லைன்னுட்டாங்க. கடைசியா போன மழைக்காலத்துல ஒரு பன்னிப் பல்லு கண்டுபிடிச்சேன். அதுவும் கால்ல குத்தினதால." அவர் போட்டோவைத் திருப்பிக் கொடுத்தார். "யாருகிட்டயும் சொல்லலை. இவங்களுக்கு நான்னா என் கண்ணுதான். வேற என்ன தெரியும் எனக்கு?"

"தாடை ஏது?"

அவர் சல்லடையை நகர்த்தி வைத்தார்.

"ஒரு பொம்பளை கொண்டு வந்து குடுத்தா. நபென்யோன்னு பேரு. ஏரிக்கரைக்காரி. துணியில சுத்தி எடுத்துட்டு வந்தா. 'எலும்பு தேடறவர் நீங்கதானே, இது யாரோட பல்லு'ன்னு கேட்டா. வாங்கிக் கட்டை விரலால தடவிப் பாத்தேன் இன்ஸ்பெக்டரம்மா. முப்பத்தெட்டு வருஷத்துல இந்த விரலுக்கு அப்படி ஒரு பல்லு பட்டதில்லை. எங்க கிடைச்சதுன்னு கேட்டேன். என் வீட்டுலன்னா. வீடு எங்கன்னு கேட்டேன். கையைப் பிடிச்சு ஏரிப் பக்கம் காட்டினா. தண்ணிக்குள்ள."

கடைசி நாலைந்து வருஷ மழையில் ஏரி ஏறிவிட்டது. கரையோர ஊர்கள் எத்தனை உள்ளே போயின என்று அகிருவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

"ஊர் இல்லாத எலும்பை யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க," என்றார் இன்சுவே. "அலமாரியில ஒரு மூலை. அதோட சரி. நான்தான் எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கேன். இதை அனுப்ப மனசு வரலை. நல்ல இடமாப் பாத்து வச்சேன். மேலயும் சாம்பல் இருக்கணும், கீழயும் சாம்பல் இருக்கணும்னு. எந்தப் பக்கம் கறுப்பு, எந்தப் பக்கம் வெள்ளைன்னு எனக்குத் தெரியலை. தெரிஞ்சிருந்தா நீங்க கண்டுபிடிச்சிருக்க மாட்டீங்க."

"லோகாலே ஆறு நாளா உள்ள இருக்கான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தினம் காலையில சொல்லிடணும்னுதான் எந்திரிப்பேன். டாக்டரம்மா வந்து, 'இன்னைக்கு எந்தப் பக்கம் தேடலாம்'னு என்கிட்ட கேப்பாங்க. அப்புறம் வாய் வராது." அவர் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார், விலங்கு மாட்டச் சொல்கிறவர் மாதிரி. ஆனால் நீட்டிய திசையில் அகிரு இல்லை, ஒச்சோலா இருந்தான்.

ஒச்சோலா அந்தக் கைகளைப் பிடித்து மெதுவாக இறக்கி அவர் மடியிலேயே வைத்தான்.

அகிரு சாட்டிலைட் போனில் ஸ்டேஷனைக் கூப்பிட்டாள். லோகாலேயை ஜாமீன் இல்லாமலே விடச் சொன்னாள். மறுபுறம் இருந்த சார்ஜென்ட், "காரணம் என்ன எழுதட்டும் மேடம்?" என்றான்.

"நான் தப்புப் பண்ணிட்டேன்னு எழுதுங்க."

*

விஷயத்தைக் கேட்டதும் டாக்டர் செப்கெமோய் அழவில்லை, கத்தவில்லை. இன்சுவே இருந்த மரத்தடிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அப்புறம், "படகு கிடைக்குமா?" என்றார்.

"எதுக்கு?"

"வீடு எங்க இருந்ததுன்னு அந்தம்மா காட்டினா போதும். தண்ணிக்கு அடியிலயும் மண்ணு மண்ணுதான். குழாய் இறக்கி அடி மண்ணை எடுக்கலாம். அந்தத் துணுக்குச் சாம்பலோட படுகை அங்க இருந்தா, கைரேகை ஒட்டிடும். வயசு வந்திடும். புதுச் சாம்பல், இதுவரைக்கும் யாரும் பாக்காதது. எல்லாம் சரியாயிடும்." பேசப் பேச அவர் முதுகு நிமிர்ந்தது. அகிருவும் அதை நம்பினாள். நம்ப வேண்டியிருந்தது.

ஏரியில் காலைக் காற்று அடங்க மதியம் ஆகும். இரண்டு மணிக்குத்தான் கிளம்ப முடிந்தது. மீனவர்களிடம் ஒரு ஃபைபர் படகு கேட்டு வாங்கி, மோட்டாரை ஒச்சோலா பிடித்துக்கொண்டான். "உங்க ஏரிதான் மட்டம், படகு படகுதான்," என்று ஒப்புக்கொண்டான். முன்னால் நபென்யோ உட்கார்ந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் மணிமாலைகள் தோள்வரை அடுக்கியிருந்தன. சுவாஹிலி அவளுக்கு அரைகுறை. துர்க்கானா மொழி டாக்டருக்குத் தெரியாது. நடுவில் அகிரு.

ஒரு மைல் தூரம் போனதும் பனைமரத் தலைகள் தண்ணீரிலிருந்து நீட்டிக்கொண்டு நின்றன. எல்லாம் மொட்டை. தகரக் கூரை ஒன்றின் முனை மட்டும் தெரிந்தது. அதில் நீர்க்காகம் உட்கார்ந்திருந்தது. அதன் கீழே மரக்கட்டை மாதிரி ஒன்று மிதந்தது. பக்கத்தில் போனதும் அது கண்ணை மூடி அமிழ்ந்தது.

"முதலை," என்றான் ஒச்சோலா. "குழாய் இறக்கறப்ப யார் இறங்கறதுன்னு சீட்டுக் குலுக்கிப் போடுவோம். சீட்டுல என் பேரு வேணாம்."

"அது பள்ளிக்கூடம்," என்றாள் நபென்யோ, கூரையைக் காட்டி. "அங்க இருந்து வலது கைப் பக்கம் நாலாவது வீடு. இதோ. நிறுத்தச் சொல்லு தங்கச்சி."

ஒச்சோலா மோட்டாரை அணைத்தான். பச்சைத் தண்ணீர். உள்ளே ஒரு முழத்துக்கு மேல் கண் போகவில்லை. டாக்டர் கல் கட்டிய கயிற்றை இறக்கினார். இரண்டு ஆள் ஆழம். இடத்தைக் கருவியில் குறித்துக்கொண்டார்.

"கேளுங்க இன்ஸ்பெக்டர். வீட்டுக்குள்ள எந்த இடத்துல கிடைச்சது? எவ்வளவு ஆழம் தோண்டினாங்க?"

அகிரு கேட்டாள்.

"தோண்டறதா? எதுக்குத் தோண்டணும்? அடுப்புல இருந்தது."

"அடுப்படி மண்ணுலயா அக்கா?"

"மண்ணுல இல்லை. அடுப்புக் கல்லு மூணுல ஒண்ணு ஆடும். அது ஆடாம இருக்க முட்டுக் குடுத்திருந்த கல்லு அது. பதினோரு வருஷம் அதுமேலதான் சமைச்சேன். தண்ணி வந்து வீட்டுக்குள்ள நின்னப்ப அள்ளின சாமானோட அதையும் அள்ளினேன். கழுவிப் பாத்தப்பதான் பல்லு தெரிஞ்சது. பயந்துட்டேன்."

அகிரு அதை உடனே மொழிபெயர்க்கவில்லை. கறுப்புப் பக்கம் அவள் கண்ணுக்குள் வந்தது. மண்கறை என்று டாக்டர் சொன்னதும் அவளும் மண்கறை என்று எடுத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து மூன்று கல் அடுப்பில் வெந்ததைச் சாப்பிட்டவள், புகைக்கறையை அடையாளம் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். நாக்கில் வைத்துப் பார்த்தவள், திருப்பி மோந்து பார்த்திருக்கலாம்.

"என்ன சொல்றாங்க?" என்றார் டாக்டர்.

"ஒரு நிமிஷம். அக்கா, அந்தக் கல்லு உங்க வீட்டுக்கு எப்படி வந்தது?"

"அவர் கொண்டு வந்தார். எமெக்வி. என் வீட்டுக்காரர். அப்ப அவருக்கு ஆடு இருந்தது. மேய்ச்சலுக்குப் போயிட்டு வந்தவர், 'நல்ல கனமா இருக்கு, உன் அடுப்பு ஆடுதுன்னு சொன்னியே'ன்னு கொண்டு வந்து வச்சார்."

"எங்க மேய்ச்சலுக்குப் போனார்?"

"எங்க போகலை? வடக்கே எல்லை வரைக்கும் போவார். மழை எங்க பெய்யுதுன்னு கேள்விப்படறாரோ அங்க போவார். ஏழு மாசம் கழிச்சு வந்தார் அந்தத் தடவை."

"எந்த மலை, எந்த ஓடைன்னு ஏதாவது சொன்னாரா?"

"அடுப்புக் கல்லுக்கா? யாரு கேப்பா?"

"கூடப் போனவங்க யாராவது..."

"தனியாத்தான் போவார்." நபென்யோ தண்ணீரைப் பார்த்தாள். "ஆடெல்லாம் வறட்சியில செத்தப்புறம் மீன் பிடிக்க வந்தார். மூணு வருஷம் முன்னாடி காத்துல படகு கவுந்துடுச்சு. உடம்பு கிடைக்கலை."

அகிரு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு வார்த்தையும் விடவில்லை. விட்டாலும் கூட்டினாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை. டாக்டர் கையிலிருந்த கயிறு நழுவி விலாங்கு மாதிரித் தண்ணீருக்குள் போனது. யாரும் அதைப் பிடிக்கவில்லை.

"வேற வழியே இல்லையா டாக்டர்?" என்றாள் அகிரு. "இன்சுவே சொன்னாரே, பன்னிப் பல்லு, அது இதுன்னு..."

"பன்னிப் பல்லும் சொல்லும். லட்சம் லட்சம் வருஷமாப் பன்னிக்குப் பல்லு மாறிக்கிட்டே வந்திருக்கு, கார்ல மாடல் மாறற மாதிரி. ஆனா அது தாடை பக்கத்துலயே கிடைக்கணும். பூமியோட வடக்கு தெற்கு அப்பப்ப இடம் மாறியிருக்கு, கல்லுக்குள்ள பதிஞ்ச அந்தக் காந்தத் திசையும் சொல்லும். அது கல்லு இருந்த இடத்துலயே இருக்கணும். இந்தப் பல்லையே உடைச்சுப் பாத்தாலும், அதைச் சுத்தியிருந்த மண்ணு வேணும்." அவர் ஒவ்வொரு விரலாக மடக்கினார். "எல்லாத்துக்கும் இடம் வேணும் இன்ஸ்பெக்டர். இடம் இல்லாட்டி நேரம் இல்லை."

"வடக்கே எல்லை வரைக்கும் தேடினா?"

"முந்நூறு கிலோமீட்டர். ஒவ்வொரு ஓடையா. அந்த ஒரு கைரேகையைத் தேடி. எனக்கு இன்னும் பத்து வருஷ சர்வீஸ் இருக்கு. கண்ணு உள்ள ஆளு ஒருத்தர் இருந்தார்."

ஒச்சோலா எழுந்து மோட்டார் கயிற்றை இழுத்தான்.

படகு திரும்பியது. கொஞ்ச தூரம் போனதும் நபென்யோ அகிருவின் முழங்கையைத் தொட்டாள்.

"அந்தம்மா முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு? நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்லைக்கா. அது எப்ப வாழ்ந்த ஆளோடதுன்னு கண்டுபிடிக்க முடியாதாம். அது எங்க கிடந்ததுன்னு தெரிஞ்சாத்தான் முடியுமாம். அதனால இனிமே அது அவங்களுக்கு எதுக்கும் ஆகாது."

"யாரோட பல்லுன்னும் தெரியாதா?"

"தெரியாது."

நபென்யோ மாலைகளை ஒரு கையால் சரிசெய்தாள்.

"அப்படின்னா எனக்கே திருப்பிக் குடுத்திடச் சொல்லு தங்கச்சி. அவர் கொண்டு வந்ததுன்னு என்கிட்ட வேற ஒண்ணும் இல்லை. எல்லாம் தண்ணியில போயிடுச்சு. புது வீட்டுலயும் அடுப்பு ஆடுது."

சட்டம் அகிருவுக்கு மனப்பாடம். ஆறு நாளாக லோகாலேயின் வழக்குக்காக அதைத்தான் வரி வரியாகப் படித்திருந்தாள். மண்ணுக்குள்ளிருந்து வந்த எந்த ஆதி எலும்பும் அரசாங்கச் சொத்து. தனி ஆள் வைத்துக்கொள்ள முடியாது. கொடுத்தால் கொடுத்தவளும் குற்றவாளி.

"குடுக்க முடியாதுக்கா," என்றாள். "தலைநகரத்துக்குப் போகும். பெட்டியில போட்டுப் பத்திரமா வச்சிருப்பாங்க."

"எதுக்கும் ஆகாதுன்னியே."

"ஆமா."

"அப்ப எதுக்கு வச்சுக்கறாங்க?"

கேள்வியில் கோபம் இல்லை. தெரியாத ஒரு விஷயத்தைத் தெரிந்த ஆளிடம் கேட்கிற மாதிரிக் கேட்டாள். படகு கரை தட்ட இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அந்தப் பத்து நிமிஷமும் நபென்யோ பதிலுக்காக அகிருவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். கரை வந்தது. படகை மணலில் இழுத்துப் போட்டார்கள். அகிரு இறங்கி, நபென்யோ இறங்கக் கை கொடுத்தாள். அதைத் தவிர வேறு எதுவும் அவளால் கொடுக்க முடியவில்லை.